முப்பத்தோராவது படம்

கரட்டு அடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு ஓட்டு அறைகள், ஒரு கிணறு, சமையலுக்கு ஒரு சார்ப்பு, அவ்வளவுதான். காவி கட்டியவர் ஒருவர்கூடக் கிடையாது. குருவின் பெயர் மாதேஸ்வரி. வயது நாற்பத்தைந்து. பதினெட்டு வருடம் நர்சாக வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். சுற்று ஊர்க்காரர்கள் அவரைக் குருவம்மா என்றார்கள்.

சீடர்களில் மூத்தவர் திருமூர்த்தி. குருவைவிடப் பதினாறு வயது பெரியவர். பொறியியல் கல்லூரியில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வயதில் சின்னவரை 'அம்மா' என்று கூப்பிட முதல் வாரம் நாக்கு கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு பழகிக்கொண்டது. குருவம்மாவோ அவரை முதல் நாளிலிருந்தே 'ஐயா' என்றுதான் கூப்பிட்டார்.

ஆசிரமத்தின் வேலை ஊர் ஊராகப் போய்ப் பேசுவது. மோட்சம், பிறவி என்றெல்லாம் அல்ல. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது, தூர்ந்த கிணற்றில் ஏன் சட்டென்று இறங்கக் கூடாது, இப்படி. பேசப் போகிறவருக்கு ஒரே ஒரு விதி இருந்தது. கேட்டவர்களில் யாராவது ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஏன் என்று குருவம்மா சொன்னதில்லை. ஒரு வேளைச் சமையல் மிச்சம் என்று சீடர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் கடலைக்காய் பிடுங்கும் சமயத்தில் பாம்புக்கடியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. திருமூர்த்தி தானே போகிறேன் என்று முன்வந்தார். பன்னிரண்டு நாள் லேப்டாப்பே கதியாகக் கிடந்தார். அறுபத்துநான்கு படங்கள் தயாராயின. விஷத்தின் வகைகள், உலக அளவில் புள்ளிவிவரம், ரத்தம் உறைவது எப்படி, செய்யக் கூடாதவை, செய்ய வேண்டியவை என்று ஒன்று விடவில்லை.

கிளம்பும் முன் குருவம்மாவிடம் காட்டினார். அவர் அறுபத்துநான்கையும் பொறுமையாகப் பார்த்தார்.

"கேட்டுட்டு வீட்டுக்குப் போறவங்க மனசுல ஒண்ணே ஒண்ணுதான் நிக்கும்னா, எது நிக்கோணும் ஐயா?"

திருமூர்த்தி சிரித்தார். "எல்லாமே முக்கியமுங்கம்மா. எதை விடறது?"

குருவம்மா லேப்டாப்பை மூடி அவரிடம் கொடுத்தார்.

வேலங்காட்டுப்புதூரில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம். காட்டு வேலை முடிந்து ஜனங்கள் வந்து உட்காரும்போதே விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இருந்த ஒரு குழல்விளக்கையும் திருமூர்த்தி அணைக்கச் சொன்னார். திரை பளிச்சென்றிருந்தது. அதற்கு எதிரே நாற்பது ஐம்பது பேர் இருட்டாக உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு மணி நேரம் பேசினார். நடுவில் ஓரிரண்டு கொட்டாவிச் சத்தம் கேட்டது, ஒரு கைக்குழந்தை அழுதது. முப்பத்தோராவது படம் வந்தபோதுதான் கூட்டம் நிமிர்ந்தது. அது அவர் தேடித் தேடி எடுத்த படம். ஒரு மனிதனின் கெண்டைக்கால், பாம்பின் பல் பட்ட இரண்டு புள்ளி, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய கயிறு. பொத்தானை அமுக்கினால் 'டங்' என்ற சத்தத்தோடு சிவப்பாகப் பெரிய பெருக்கல் குறி ஒன்று பறந்து வந்து அதன்மேல் உட்காரும். அந்தச் சத்தத்துக்கு ஜனங்கள் சிரித்துக் கைதட்டினார்கள். திருமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு தடவை அமுக்கிக் காட்டினார்.

முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, ஒரு சந்தேகமுங்க என்று ஏதோ கேட்கப் பார்த்தாள். திருமூர்த்தி குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் படத்திலேயே இருக்கிறதம்மா என்று நிமிராமல் சொன்னார். வீட்டில் சாப்பாடு ஆக்கி வைத்திருக்கிறோம் என்று அவள் சொன்னதற்கும், ஆட்டோக்காரர் அவசரப்படுகிறார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றுவிட்டார்.

ஆசிரமத்துக்கு வந்து, கைதட்டினார்கள் என்று குருவம்மாவிடம் சொன்னார்.

"சாப்புட்டீங்களா?"

"நேரமாயிருச்சுங்கம்மா."

குருவம்மா எழுந்து போய் அவருக்குத் தட்டு வைத்தார்.

பத்தொன்பது நாள் கழித்துச் செய்தி வந்தது. வேலங்காட்டுப்புதூரில் மயிலாத்தாள் என்ற பெண்ணைக் கடலைக்காட்டில் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. காலை முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கட்டியாகிவிட்டதே என்ற தைரியத்தில் வண்டிக்குக் காத்திருந்து மெதுவாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கட்டுக்குக் கீழே கால் செத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள்.

திருமூர்த்திக்கு முதலில் வந்தது கோபம். கட்டக் கூடாது என்று அத்தனை தெளிவாகச் சொன்னோமே, இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொல்லி என்ன என்று வாய்விட்டே சொன்னார். குருவம்மா அவரைப் பார்த்தார்.

"அவங்க உங்க கூட்டத்துக்கு வந்தாங்களான்னு போய்க் கேட்டுட்டு வாங்க."

மறுநாள் ஒரு பை சாத்துக்குடியோடு போனார். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். யாரோ முன்பின் தெரியாத பெண்ணிடம் போகிறோம் என்ற நினைப்பில் அவர் தயங்கி நிற்க, அவள்தான் முதலில் கும்பிட்டாள்.

"வாங்க சாமி. என்னைத் தெரியலீங்களா? அன்னிக்கு மொத வரிசையில உக்காந்திருந்தனுங்களே. சாப்புட வாங்கன்னுகூடக் கூப்புட்டேன்."

அவருக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்த முகத்தை அவர் இப்போதுதான் பார்த்தார். தெரியுது அம்மிணி என்று ஒரு பொய் சொன்னார்.

மயிலாத்தாள் முகமெல்லாம் நன்றியாக இருந்தாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நீங்கள் வந்து காட்டியிராவிட்டால் தனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்றாள். கடித்ததும் ஊரே கூடிக் கத்தியதாகவும், தான்தான் பதறாமல் படத்தில் பார்த்ததுபோலவே கட்டச் சொன்னதாகவும் சொன்னாள்.

"முழங்காலுக்குக் கீழ, நல்லா இறுக்கி. படத்துல இருந்த மாதிரியே சொன்னனுங்க. கால் போனாப் போவுது, உசுரு நின்னுதே. அது நீங்க குடுத்ததுங்க சாமி."

படத்தின்மேல் சிவப்பாக ஒரு குறி வந்ததே, பார்க்கவில்லையா என்று திருமூர்த்தி மெதுவாகக் கேட்டார்.

"பாத்தனே. ஆஸ்பத்திரிச் சுவத்துல செவப்பா கூட்டல் குறி போட்டிருப்பாங்களே, அந்த மாதிரி. டாக்டருங்க சொன்ன வைத்தியம்னு புரிஞ்சுக்கிட்டோம்."

"நான் சொன்னதைக் கேக்கலையா அம்மிணி?"

அவள் கூச்சத்தோடு சிரித்தாள். "தப்பா நெனக்காதீங்க. வெளக்கு வெச்ச பொறவு நீங்க அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசினீங்களா, ஆம்பளை பொம்பளை எல்லாருமே காதைப் பொத்திக்கிட்டோமுங்க. படத்தை மட்டுந்தான் பாத்தோம்."

விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லக் கூடாது, பேர் சொன்னால் வீட்டைத் தேடி வந்துவிடும். பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். இது திருமூர்த்திக்குத் தெரியாததில்லை. அவருடைய அம்மாவே சாகும்வரைக்கும் பூச்சி என்றுதான் சொன்னாள். அவர்தான் அந்த ராத்திரி இருட்டில் நின்றுகொண்டு நூறு தடவை பாம்பு பாம்பு என்றிருக்கிறார். எதிரே நாற்பது பேர் காதைப் பொத்திக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் ஒரு நாள் கண்டிப்பாகச் சாப்பிட வர வேண்டும், அன்றைக்கு ஆக்கி வைத்தது வீணாகிவிட்டது என்றாள். அவர் தலையைத் தலையை ஆட்டினார். சாத்துக்குடிப் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று வெளியே வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் காலை வெயில்தான் அடித்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

குருவம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கிணற்று மேட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"படம் கட்டறதுக்கில்ல, கட்டக் கூடாதுன்னு காட்டறதுக்குன்னு அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"சாமின்னு கும்புடறாங்கம்மா. வாய் வரலை."

இனிமேல் எந்த ஊருக்கும் போய் வாயைத் திறப்பதில்லை என்றார் திருமூர்த்தி. ஒரு வருடம் மௌனவிரதம் இருக்க அனுமதி கேட்டார்.

"அது உங்களுக்குச் சுகமா இருக்கும்" என்றார் குருவம்மா.

திருமூர்த்திக்குச் செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது.

"அந்தப் படத்தை நானுந்தான் பாத்தேன். எனக்கும் தோணலை. அது எம் பங்கு, அதை நான் சுமந்துக்கறேன். கயிறைக் கட்டினது யாரு கை?"

"அவங்க வீட்டுக்காரரு கையா இருக்கும்."

"அவரு எப்படி இருக்காரு?"

திருமூர்த்தி யோசித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றதுபோல் நினைவு. முகம் நினைவில்லை. இந்தத் தடவை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பட்டப்பகல் வேறு.

"ஒரே ஒரு ஆளுகிட்ட, மயிலாத்தாள்கிட்டப் பேசோணும் ஐயா. தயார் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் குருவம்மா அடுப்படிக்குப் போனார்.

மறுநாள் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். பழக்கம் விடவில்லை. விரியனின் விஷம் சதையை என்ன செய்கிறது என்பது ஒரு பக்கம். அந்தப் படத்தை எந்த நல்லெண்ணத்தில் தேர்ந்தெடுத்தார் என்பது ஒரு பக்கம். மூன்றாவது பக்கத்தில் மன்னிப்பு. குருவம்மா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல அவங்க கால் எங்க இருக்கு?"

தேடினார். மூன்றாம் பக்கத்தில், கடைசி வரியில் இருந்தது. அவருக்குக் காதுமடல் சுட்டது.

"காலையில எத்தனை மணிக்குக் கட்டு மாத்தறாங்க? வலி எப்ப கொறையுது? எந்தக் காதுல சொன்னா நல்லாக் கேக்கும்?"

"தெரியலீங்க."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அது வரைக்கும் எதையும் சொல்ல வேண்டாம்."

இரண்டு நாள் போய்ச் சும்மா உட்கார்ந்தார். முப்பது வருடம் பேசியே பிழைத்தவருக்குச் சும்மா உட்காருவது பெரிய பாடாக இருந்தது. ஒன்பது மணிக்குக் கட்டு மாற்றினார்கள். பத்தரை வரைக்கும் மயிலாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மத்தியானம் தூங்கினாள். நான்கு மணி டீக்குப் பிறகு கொஞ்சம் தெளிவாக இருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் கடலைக்காய் பிடுங்கி முடிந்ததா, மழைக்குள் காய்ந்துவிடுமா என்று கேட்டாள். இல்லாத பாதத்தில் அரிக்கிறது என்று ஒரு தடவை போர்வைக்குள் கையை விட்டுத் துழாவினாள். திருமூர்த்தி வேறு பக்கம் திரும்பிக்கொள்ளாமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார்.

அவள் புருஷன் சென்னியப்பன் கட்டிலோரம் நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. இரண்டு கையையும் தோள்துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தான். டீயை வாங்கினால்கூட ஒரு கையை மட்டும் எடுத்து வாங்கிவிட்டுச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டான். இரண்டாம் நாள் வராந்தாவில் திருமூர்த்தியிடம் தானாக வந்து பேசினான்.

"கட்டுனதாலதான் கால் போச்சுன்னு டாக்டர் எங்கிட்டச் சொல்லிட்டாருங்க. அவளுக்குத் தெரியாது. சொல்லிராதீங்க சாமி. நாந்தான் இறுக்குனேன்."

அன்று ஆசிரமத்துக்குத் திரும்பியதும் திருமூர்த்தி அந்த மூன்று பக்கத்தையும் அடுப்பில் போட்டார்.

மூன்றாம் நாள் நான்கு மணி. டீ குடித்தாகிவிட்டது. திருமூர்த்தி ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டு, ஸ்டூலை அவள் முகத்துக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சென்னியப்பனையும் பக்கத்தில் வரச் சொன்னார். கையில் தாள் இல்லை.

"அம்மிணி, அந்தப் படம் கட்டச் சொல்லிப் போட்டதில்ல. கட்டக் கூடாதுன்னு போட்டது. கட்டுனதுலதான் கால் போச்சு. இவரு இறுக்குனது நான் காட்டுனதைத்தான். இவரு மேல தப்பு இல்ல. நீ சந்தேகம் கேக்க வந்தே, நான் நிமுந்துகூடப் பாக்கலை."

இவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் முகத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. அதனால் அந்த முகத்தில் நடந்தது எல்லாவற்றையும் பார்த்தார். முதலில் புரியாமை. பிறகு போர்வையின் கீழ்ப் பக்கம் போன பார்வை. பிறகு புருஷனைப் பார்த்தாள். சென்னியப்பன் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். அவன் கை இரண்டும் வெளியே வந்துவிட்டன.

மயிலாத்தாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திருமூர்த்தி எழுந்திருக்கவில்லை. எழுந்து ஓடிவிட உடம்பு துடித்தது. உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரி தங்களைப் பார்ப்பது தெரிந்தும் உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே அவள் கேட்டாள். சாமி என்று சொல்லவில்லை.

"அப்ப என்னதான் பண்ணியிருக்கோணும்?"

"பூச்சி கடிச்சா கட்டக் கூடாது. கீறக் கூடாது. கடிச்ச காலை ஆட்டாம வெச்சு, ஒடனே ஆஸ்பத்திரிக்கு வரோணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அம்மிணி."

"இதுக்கா ரெண்டு மணி நேரம்?"

அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தபோது குருவம்மா கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். திருமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து, தேய்த்ததை வாங்கி அலசி வைத்தார். நடந்ததைச் சொன்னார். அவள் கடைசியாகக் கேட்டதையும் விடாமல் சொன்னார். பிறகு, அடுத்த ஊருக்கு எப்போது போகலாம் என்று கேட்டார். இந்தத் தடவை படம் எதுவும் வேண்டாம், மூன்றே வார்த்தை, பகலிலேயே பேசிவிடுகிறேன் என்றார். பேசுவது எப்படி என்று இப்போதுதான் தெரிந்தது என்றும் சொன்னார்.

குருவம்மா ஒரு தட்டைத் தேய்த்து முடித்து அவரிடம் நீட்டினார்.

"வீட்டுக்குச் சாப்புட வாங்கன்னு கூப்புட்டிருந்தாங்கல்ல. இன்னிக்கும் கூப்புட்டாங்களா?"

திருமூர்த்தி தட்டை வாங்கிக்கொண்டார். இல்லையென்று தலையை மட்டும் அசைத்தார்.

"அப்ப அந்தப் பேச்சு இன்னும் முடியலீங்க. நாளைக்கும் போயிட்டு வாங்க. கூப்புடற வரைக்கும் போங்க. அந்த வீட்டுல சாப்புட்டுட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க, பேசிட்டேன்னு."